பெயர் எழுத வேண்டாம்

பெயர் எழுத வேண்டாம் என்று
படிவத்தின் தலையிலேயே போட்டிருக்கிறார் வயிரவன்.
இருப்பதே பதினொரு பேர்.
ரபியுதீன் முற்றுப்புள்ளி வைக்கமாட்டான்.
ஆரோக்கியசெல்வி வரிக்கு வரி 'ஆனாலும்' போடுவாள்.
நான் எதையும் எண் போட்டுத்தான் எழுதுவேன்,
பிழை பார்க்கிறவள் புத்தி.
எது யாருடையது என்று
டீ கொண்டுவரும் பையனே பிரித்து வைத்துவிடுவான்.

கேள்வி ஒன்று:
இங்கே வேலை பார்ப்பது எப்படி இருக்கிறது?

கழனிவாசல் ரோட்டில்
பெயின்ட் கடைக்கு மேல் மாடி.
பதினொரு மணிக்குத் தின்னர் வாசம் ஏறிவரும்,
வெயில் அதற்குப் பின்னால்.
ஏசி ஒன்று. அது சர்வருக்கு.
அதன் பக்கத்து நாற்காலிதான்
இங்கே கிடைக்கிற ஒரே பதவி உயர்வு.

செய்வது அடகுக்கடைக்கான சாப்ட்வேர்.
நகை, எடை, கல் கழிவு, வட்டி, கெடு.
சிவகங்கை முதல் அறந்தாங்கி வரை நூற்றுநாற்பது கடை.
வயிரவன் சொல்லும்போது மட்டும்
நூற்றுநாற்பது நாடு மாதிரிக் கேட்கும்.
'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பார்.
குடும்பத்தில் யாராவது சம்பளத் தேதி கேட்பார்களா?

போன தையில் கணநாதன் பல்லவன் ஏறிவிட்டான்.
சோழிங்கநல்லூரில் ஐயாயிரம் பேரில் ஒருத்தன்.
ஒன்றாம் தேதி சம்பளம்.
தான் எழுதுவது எந்தத் திரையில் ஓடுகிறதென்று
அவனுக்கே தெரியாதாம்.
ராத்திரி போன் செய்து கேட்பான்:
'தேவகோட்டைக் கடை இன்னும் திணறுதா?'

திணறியது.
வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள்
நகை மீட்க முப்பது பேர் அங்கே நிற்க,
இங்கே சர்வர் படுத்துவிட்டது.
ராத்திரி ஒன்றரைக்கு மேசைக்கடியில்
வேட்டியை மடித்துக் கட்டி ஊர்ந்தார் வயிரவன்,
பல்லில் டார்ச்.
திரை பச்சையானபோது ரபி போட்ட கூச்சலில்
எதிர்வீட்டு நாய் குரைத்தது.
ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு
அந்த நேரத்தில் வேறெங்கேயும் இருக்க
நான் விரும்பவில்லை.
இதைப் போட படிவத்தில் கட்டம் இல்லை.

ஆவணிச் சம்பளம் இருபத்தேழு நாள் தள்ளிப்போனது.
தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ்.
புதுவயலில் தெரிந்த முகம் என்று
பள்ளத்தூர் போனேன்.
கடை எண் எழுபத்து மூன்று, எங்கள் வாடிக்கையாளர்.
ஒற்றைவடச் சங்கிலி, பதினொன்றேகால் கிராம்.
கடைக்காரர் பட்டனைத் தேடித் தடவ,
வாய் முந்திக்கொண்டது:
'எஃப் நாலு அமுக்குங்கண்ணே.'
'இந்தக் கம்பெனியாம்மா நீ?'
'ஆமா.'
'நல்ல சாப்ட்வேரு. ஒரு நாள் கணக்கு பிசகினதில்ல.'
பெருமையாகத்தான் இருந்தது, சத்தியமாக,
வெறுங்கழுத்தோடு.

நாற்பத்தையாயிரத்து ஐந்நூற்றைம்பது,
நூற்றுக்கு ஒன்றரை.
அறுநூற்று எண்பத்து மூன்றே கால் வரவேண்டும்.
ரசீதில் அறுநூற்று எண்பத்து நான்கு.
முக்கால் ரூபாய் கடைப்பக்கம் ஏறியிருந்தது.
மாசியிலேயே நான் எழுதிக் கொடுத்தது அது.
பிழை முந்நூற்று ஆறு.
'பிழை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறோம்,
வாங்குவது கடைக்காரர்தானே'
என்று மூடியிருந்தார் வயிரவன்.
நானும் சரியென்று விட்டவள்தான்.
அந்தப் பக்கம் நிற்பது யாரென்று
அப்போது தெரியாது.

கேள்வி ஏழு:
நண்பர் ஒருவரை இங்கே வேலைக்குச் சேரச் சொல்வீர்களா?

'ஆமாம்' தொட்டால் அடுத்த பக்கம் திறக்கிறது.
'இல்லை' தொட்டால் சுற்றிக்கொண்டே நிற்கிறது.
மூன்று தடவை பார்த்தேன்.
ரபியின் போனில் ஒரு தடவை.
இது வயிரவன் வேண்டுமென்று செய்ததில்லை,
அவசரத்தில் செய்தது. அவரைத் தெரியும்.

படிவத்தை அப்படியே விட்டுவிட்டுப்
புதிதாக ஒன்று பதிந்தேன்.
பிழை நானூற்றுப் பன்னிரண்டு:
'இல்லை' என்று சொல்ல வழியில்லை.
கண்டவர் பெயர் கேட்டது.
மீனலோசனி என்று அடித்தேன்.
அதோடு கையோடு
முந்நூற்று ஆறையும் திறந்துவிட்டேன்.